காது இரைச்சலுக்கு மஞ்சள் கேப்சூல் வாங்கலாமா?

கேள்வி: காசிமேடு வாசகர், மார்ச் 22, இரவு 9.50

விசைப்படகில் என்ஜின் பார்க்கிறேன், வயது 34. ஒரு தடவை போனால் எட்டு, பத்து நாள் கடலில்தான். என்ஜின் ரூமுக்கு மேலேயே படுக்கை. கரைக்கு வந்த பிறகும் ரெண்டு நாளைக்குக் காதுக்குள் கொய்ங் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் கூப்பிட்டால் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்பதுதான் பிடிபடுவதில்லை. தெரிந்தவர் ஒருவர் மஞ்சள் சத்து, ஜிங்கோ மரத்து இலை, பச்சைத் தேயிலை எல்லாம் சேர்ந்த கேப்சூல் தருகிறார், மூன்று மாதம் சாப்பிட்டால் காது நரம்புக்குப் பாதுகாப்பு என்கிறார். 60 கேப்சூல் 1,850 ரூபாய். வாங்கலாமா? யாராவது சாப்பிட்டுப் பார்த்தீர்களா?

பதில்: மார்ச் 22, இரவு 11.15

வாங்காதே தம்பி. அந்தக் காசில் வேறு என்ன செய்யலாம் என்று நாளைக்கு எழுதுகிறேன். இரைச்சல் ரெண்டு நாளில் நிற்கிறது என்றாயே, அது நல்ல சேதி. நின்றுவிடுகிற கட்டத்தில் நானும் ஒரு காலத்தில் இருந்தேன். இப்போது எனக்கு நிற்பதே இல்லை.

மார்ச் 23, காலை 6.40

தூக்கம் வரவில்லை, விவரமாகவே எழுதிவிடுகிறேன். கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் 27 வருடம் பவர் பிரஸ் ஓட்டினேன். தகரத்தை உள்ளே தள்ளிப் பெடலை மிதித்தால் டங் என்று இறங்கும், டப்பா மூடி விழும். நிமிடத்துக்கு முப்பது மூடி. என்னைச் சுற்றி அதே மாதிரி பதினோரு மெஷின். காதுக்கு எதுவும் கொடுக்கவில்லை, கேட்டதற்குப் பஞ்சு வைத்துக்கொள் என்றார்கள். பஞ்சு அந்தச் சத்தத்துக்குப் போதாது என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் இந்த விஷயத்தைத் தேடித்தேடிப் படிக்கிறேன். மகள் ஆடியாலஜி, அதாவது செவி பற்றிய படிப்பு, படிக்கிறாள், எனக்குப் புரியாத இடத்தை அவள் விளக்குவாள்.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட குழாய் ஒன்று இருக்கிறது, காக்ளியா. அதற்குள் மெல்லிய இழை முளைத்த செல்கள், மயிர்ச்செல் என்பார்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. அவ்வளவுதான் நமக்குப் பிறக்கும்போது கொடுத்த கையிருப்பு. கோழி, புறா மாதிரிப் பறவைகளுக்கு இந்தச் செல் செத்தால் மறுபடி முளைக்கும், 1980-களில் கண்டுபிடித்தார்கள். நம்ம பக்கம் மாடிக்கு மாடி பந்தயப் புறா வளர்க்கிறோம், அந்தப் புறாவுக்கு இருக்கிற வசதி வளர்க்கிறவனுக்கு இல்லை.

பெரிய சத்தம் விழும்போது அந்தச் செல்கள் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன, உள்ளே ஃப்ரீ ராடிகல் என்கிற கழிவு பெருகுகிறது, ரத்த ஓட்டமும் சுருங்குகிறது. சத்தம் நின்ற பிறகும் அந்தக் கழிவு சில நாள் வரை பெருகிக்கொண்டே போவதை விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கழிவை அணைக்கிற பொருள் கொடுத்தால் செல் பிழைக்குமா என்ற யோசனையில்தான் செடிச் சத்துகள் உள்ளே வந்தன. ஆக, கேப்சூல்காரர் சொல்வதன் ஆரம்பம் பொய் கிடையாது. அதற்குப் பிறகு அவர் ரொம்ப தூரம் தாவிவிட்டார்.

மார்ச் 23, மதியம் 1.20

ஒரு திருத்தம். இரைச்சல் நிற்பது நல்ல சேதி என்று எழுதியதை மகள் படித்துவிட்டு, அப்பா அப்படிச் சொல்லாதே என்றாள். 2009-ல் அமெரிக்காவில் சுண்டெலிகளை வைத்து ஒரு ஆராய்ச்சி. ரெண்டு மணி நேரம் சத்தம் கொடுத்தார்கள், சில நாளில் கேட்கும் அளவு பழையபடி திரும்பிவிட்டது, மயிர்ச்செல்களும் முழுசாக இருந்தன. ஆனால் செல்லுக்கும் நரம்புக்கும் நடுவில் இருக்கும் இணைப்புகளை எண்ணிப் பார்த்தால் சில இடங்களில் பாதி போயிருந்தது. மனிதனுக்கும் இப்படித்தான் நடக்கிறதா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அப்படி இருந்தால், சத்தம் காதில் விழுகிறது, சொல் மட்டும் புரியவில்லை என்று நீ சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறாள். நான் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லிவிட்டேன் தம்பி.

மார்ச் 24, இரவு 10.05

எந்தெந்தச் செடி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். மஞ்சளில் குர்குமின், சிஸ்பிளாட்டின் கொடுத்த எலிகளுக்குச் செவி இழப்பைக் குறைத்தது. சிஸ்பிளாட்டின் புற்றுநோய் மருந்து, காதைக் கெடுக்கும். பச்சைத் தேயிலைச் சத்தும் எலிகளில் அதே மாதிரி. கருஞ்சீரகத்தில் தைமோகுவினோன், அதுவும் எலிதான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது தவிடு. அரிசித் தவிட்டில் ஃபெரூலிக் அமிலம் இருக்கிறது, அதைக் கொடுத்துக் கினிப்பன்றிகளைச் சத்தத்துக்கு நடுவில் வைத்து இத்தாலியில் பார்த்தார்கள், செவி இழப்பு குறைந்தது. நாம் தீட்டித்தீட்டி மாட்டுக்குப் போடுகிற தவிடு.

இதையெல்லாம் முதலில் படித்தபோது எனக்கும் பரபரப்பாகத்தான் இருந்தது. கீழே எழுத்துக்கூட்டிப் படித்தால்தான் விஷயம் தெரிகிறது. எலிக்குப் பல சமயம் ஊசியில் போகிறது, சத்தத்துக்கு முன்போ கையோடோ போகிறது, சத்தமும் பெரும்பாலும் சில மணி நேரக் கணக்குத்தான். உனக்குப் பத்து நாள் தொடர்ந்து, அதுவும் வருடக்கணக்கில்.

மார்ச் 25, காலை 8.10

கொருக்குப்பேட்டை அம்மா ஒருவர், அப்போ தினமும் மிளகு ரசத்தில் மஞ்சள் போடுகிறோமே, போதாதா என்கிறார். நியாயமான கேள்விம்மா, கணக்குப் போட்டே பார்க்கலாம். மஞ்சள் தூளில் குர்குமின் சுமாராக நூற்றுக்கு மூன்று பங்கு. ஒரு டீஸ்பூன் 3 கிராம் என்று வைத்தால் 90 மில்லிகிராம். மிளகோடு சேர்த்தால் உடம்பில் ஏறும் என்பதற்கு எல்லோரும் காட்டுவது 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த ஆராய்ச்சி. அதில் ஆளுக்கு 2 கிராம் குர்குமின், மிளகின் பைப்பெரின் 20 மில்லிகிராம். ரத்தத்தில் ஏறும் அளவு இருபது மடங்கு கூடியது, உண்மை. ஆனால் 2 கிராம் குர்குமினுக்கு இருபத்திரண்டு டீஸ்பூன் மஞ்சள் தூள் வேண்டும். அதிலும் குர்குமின் தனியாகப் போனால் ரத்தத்தில் ஏறுவதே சொற்பம் என்பதால்தான் பைப்பெரினைச் சேர்த்தார்கள். அதற்கு மேல் ரத்தத்துக்கும் உள்காதுத் திரவத்துக்கும் நடுவில் வேறு ஒரு தடுப்பு இருக்கிறது.

ரசம் ரசமாக நல்லது. கேப்சூல் வேறு கதை. பைப்பெரின் மஞ்சளை மட்டும் ஏற்றிவிடாது, மற்ற மருந்துகளையும் ஏற்றும். வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் கூடிவிடும். மஞ்சள் கேப்சூல் சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மார்ச் 27, இரவு 9.30

ஜிங்கோ பற்றிக் கடைசியாக எழுதலாம் என்று வைத்திருந்தேன், ஏனென்றால் அது நானே சாப்பிட்டது. நாலு மாதம். நான்காவது வாரத்தில் இரைச்சல் குறைந்த மாதிரி இருந்தது, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். இனிப்புகூட வாங்கினேன். அப்புறம்தான் காலண்டரைப் பார்த்தேன், அந்த வாரம் தீபாவளிக்குப் பட்டறை ஆறு நாள் மூடியிருந்தது. திறந்த மூன்றாம் நாள் இரைச்சல் பழையபடி வந்துவிட்டது. காசு போனதைவிட அந்த ஒரு வாரச் சந்தோஷம் போனதுதான் எனக்கு வலித்தது.

பிற்பாடு படித்தேன். 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது, காது இரைச்சல் உள்ள 1,121 பேர், பாதிப் பேருக்கு ஜிங்கோ, பாதிப் பேருக்கு அதே மாதிரி மருந்தில்லாத வெறும் மாத்திரை, 12 வாரம். யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. முடிவில் ரெண்டு பக்கமும் ஒன்றுதான். செடிச் சத்துகளில் காதுக்காக இவ்வளவு பேரை வைத்துப் பார்த்தது அபூர்வம், அதிலும் இதுதான் பதில். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஜிங்கோ பக்கமே போகாதீர்கள், ரத்தக்கசிவு ஆபத்து.

மார்ச் 28, காலை 7.00

வியாசர்பாடித் தம்பி, உன் அப்பாவுக்கு மூன்று நாள் முன்பு காலையில் எழுந்தபோது ஒரு காது அடைத்துக்கொண்டது, அன்றிலிருந்து பூண்டு எண்ணெய் விடுகிறோம் என்று எழுதியிருக்கிறாய். எண்ணெயை நிறுத்து. இன்றைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ, காது மூக்கு தொண்டைப் பிரிவு. வெறும் அழுக்கு அடைப்பாக இருந்தால் எடுத்துவிடுவார்கள், பிரச்சினை இல்லை. திடீர்ச் செவி இழப்பாக இருந்தால் ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும், ரெண்டு வாரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எண்ணெய் செவிப்பறையோடு நின்றுவிடும், காக்ளியா அதற்கும் உள்ளே எலும்புக்குள் இருக்கிறது. பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிப் புண்ணாகும். போய்விட்டு வந்து எழுது.

மார்ச் 28, இரவு 8.45

போய்விட்டார்கள், மாத்திரை ஆரம்பித்தாயிற்றாம். சந்தோஷம்.

மார்ச் 31, இரவு 11.00

செடி என்றால் காதுக்குக் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை இந்தக் கேள்வி பதிலில் நிறைய பேருக்கு இருப்பதால் இதை எழுதுகிறேன். மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னா எதிலிருந்து வந்தது? சின்கோனா மரப்பட்டை. அளவு கூடினால் காதில் மணி அடிக்கும், செவி மந்தமாகும். ஆஸ்பிரினின் மூலம் வில்லோ மரப்பட்டை. அதுவும் அதிகமானால் இரைச்சல், நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். காதைக் கெடுப்பதாக ரொம்ப காலமாகத் தெரிந்த ரெண்டு மருந்துக்கும் வேர் மரப்பட்டையில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 1, காலை 6.15

நேற்று எழுதியதில் பாதிதான் நியாயம். ஆஸ்பிரினுக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் ஓரவஞ்சனை. 2006-ல் சீனாவில் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசி போடும் நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். அந்த ஊசியும் மயிர்ச்செல்லைக் கொல்லும். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 13 பேருக்குச் செவி இழப்பு, ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். மனிதர்களிடம், ஒப்பிட்டுப் பார்த்த சோதனை. காதில் மணி அடிக்க வைக்கிற அதே பொருள், வேறொரு விஷத்திடமிருந்து காதைக் காப்பாற்றியிருக்கிறது. இதைப் படித்த அன்று நான் ரொம்ப நேரம் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் ஏமாற்று என்று தூக்கிப்போட முடியாது, யாராவது சரியாக அளந்து, சரியான ஆளுக்கு, சரியான நேரத்தில் கொடுத்தால் நாளைக்கு ஒரு செடி ஜெயிக்கலாம்.

அதற்காக யாரும் ஆஸ்பிரின் விழுங்க ஆரம்பித்துவிடாதீர்கள். தினம் 3 கிராம் கொடுத்தார்கள், மருத்துவமனையில் வைத்து. வயிற்றில் ரத்தம் கசியும். அவர்கள் பார்த்தது அந்த ஊசிக்குத்தான், சத்தத்துக்கு அந்தச் சோதனை பதில் சொல்லாது.

ஏப்ரல் 4, மாலை 5.40

இன்றைக்குக் கொளத்தூர் வண்ணமீன் கடைப் பக்கம் போனேன். பிளாஸ்டிக் பையில் ஜீப்ரா டானியோ தொங்கவிட்டிருந்தார்கள், நீலக்கோடு போட்ட சின்ன மீன், நம்ம நாட்டு ஆறுகளில் வாழ்கிற இனம். இந்த மீனை வைத்துத்தான் உலகம் முழுக்கக் காது மருந்து தேடுகிறார்கள். மீனின் விலாவில் ஓடும் கோட்டில், தோலுக்கு வெளியிலேயே, நம்ம காதில் இருப்பது மாதிரி மயிர்ச்செல்கள் இருக்கின்றன. தண்ணீர் அசைவை அதை வைத்துத்தான் உணரும். தண்ணீரில் ஜென்டாமைசின் வகை மருந்தைக் கலந்து, கூடவே இன்னொரு பொருளையும் கலந்து, செல் சாகிறதா பிழைக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம்.

அப்படிப் பிழைக்க வைத்ததில் ஒன்று பெர்பமைன், பெர்பெரிஸ் செடிகளில் இருப்பது. இன்னொன்று தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவிய க்யூராரே விஷத்தில் உள்ள பொருள். 2017-ல் வெளிவந்தது. ரெண்டும் செல்லின் இழை நுனியில் இருக்கிற சின்னத் துவாரத்தை அடைத்துக்கொள்கின்றன, ஊசி மருந்து உள்ளே போக வழியில்லை. கழிவை அணைக்கிற வேலையே இல்லை, வாசலிலேயே மறிப்பது. ஆனால் ஒலியும் அந்தத் துவாரம் வழியாகத்தான் சைகையாக மாறுகிறது, அதனால் அடைப்பும் அளவோடு இருக்க வேண்டும். மனிதனுக்கு வர இன்னும் ரொம்ப தூரம். கடைக்காரர் எத்தனை ஜோடி என்று கேட்டார், பேத்திக்கு நாலு வாங்கினேன்.

ஏப்ரல் 7, இரவு 10.20

தண்டையார்பேட்டைச் சகோதரி ஒருவர், அக்காவுக்குச் சிஸ்பிளாட்டின் ஏறுகிறது, காதுக்குப் பாதுகாப்பாக மஞ்சள் கேப்சூல் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். இதில் மட்டும் நான் கையைப் பிடித்துத் தடுக்கிறேன் தாயி. புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் ஒரு கேப்சூலும் வேண்டாம். காதுச் செல்லைக் காக்கிற பொருள் புற்றுச் செல்லையும் காத்துவிட்டால் என்ன செய்வது, அதுதான் பயம். இதற்கென்றே அமெரிக்காவில் 2022-ல் சோடியம் தயோசல்ஃபேட் என்ற மருந்தைக் குழந்தைகளுக்கு அனுமதித்தார்கள், செடியிலிருந்து வந்தது இல்லை. உடம்பில் வேறு இடத்துக்குப் பரவாத கட்டிகளுக்கு மட்டும், அதையும் சிஸ்பிளாட்டின் ஏறி முடிந்து 6 மணி நேரம் கழித்துத்தான் போடுகிறார்கள், மருந்து தன் வேலையை முடிக்கட்டும் என்று. நேரத்தில் அவ்வளவு கவனம். நீங்கள் கேட்க வேண்டியது, அடுத்த தவணைக்கு முன்பு காது டெஸ்ட் எடுக்க முடியுமா என்று. முதலில் மெல்லிய, கீச்சென்ற ஒலிகள்தான் போகும், அக்காவுக்கே தெரியாது.

ஏப்ரல் 9, காலை 7.30

காசிமேட்டுத் தம்பி கடலிலிருந்து வந்துவிட்டான். போனில் சத்தம் அளக்கும் ஆப் போட்டுக் குறித்து வந்திருக்கிறான்: என்ஜின் ரூமில் 104, படுக்கையில் 91. போன் அளவு துல்லியமாக இருக்காது, ஆனாலும் ஒரு மட்டம் தெரிகிறது. அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கில் 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. தம்பி தூங்குவதே அதற்கு மேல். 104 என்றால் ஆறு நிமிடம்கூட முழுசாக இல்லை. நம்ம தொழிற்சாலை விதி 90 டெசிபலுக்கு 8 மணி நேரம் விடுகிறது, படகில் அதையும் கேட்பார் இல்லை.

ஏப்ரல் 10, இரவு 9.00

அண்ணா, காதை அடைத்துக்கொண்டால் என்ஜின் தட்டுவது எப்படித் தெரியும், சத்தத்தை வைத்துத்தானே கோளாறு பிடிப்பேன் என்கிறான். நானும் இதையே சொல்லித்தான் 27 வருடம் ஓட்டினேன். கடைசி ஆறு மாதம் மகள் கொடுத்த ஃபோம் பிளக் போட்டபோது தெரிந்தது, பிரஸ்ஸின் டங் அடங்கியதும் பேரிங் தேய்கிற கிர்ர் தனியாகக் கேட்டது. எல்லாச் சத்தமும் சேர்ந்து கீழே இறங்குகிறது, அதற்குள் இருக்கும் வித்தியாசம் அப்படியே இருக்கிறது.

போடும் முறை முக்கியம். கை கழுவிக்கொள், டீசல் கையோடு வேண்டாம். பிளக்கை விரல் நுனிகளில் உருட்டு, மடிப்பு விழாமல், பீடி கனத்துக்கு ஒல்லியாக வரும்வரை. வலது காதுக்கு இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழு, துவாரம் நேராகும். உள்ளே விட்டு விரலால் முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடி, அது உப்பி அடைத்துக்கொள்ளும். பிறகு பேசிப் பார், உன் குரலே பானைக்குள் பேசுகிற மாதிரி கேட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பஞ்சு வைத்த கதைதான். என்ஜின் ரூமுக்குள் இறங்கும்போது மேலே காதை மூடும் மஃப் ஒன்றும் மாட்டு. அந்த 1,850 ரூபாயில் மஃப் ஒன்றும் ஐம்பது ஜோடி பிளக்கும் வாங்கி மிச்சம் இருக்கும்.

ஏப்ரல் 14, இரவு 8.00

நாளை தடைக்காலம் ஆரம்பம், ஜூன் 14 வரை 61 நாள். உன் காதுக்கும் அதுதான் ஓய்வு. டெஸ்டை இப்போதே எடுக்காதே, பத்து நாள் போகட்டும். குறைந்தது 14 மணி நேரம் பெரிய சத்தம் படாமல் எடுக்க வேண்டும் என்பது விதி, எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நிஜமான அளவு தெரியும். நடுவில் கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நின்றுவிடாதே.

ஏப்ரல் 29, மாலை 6.30

தம்பி காது டெஸ்ட் படத்தை, ஆடியோகிராம் என்பார்கள், அனுப்பினான். 250-லிருந்து 2,000 ஹெர்ட்ஸ் வரை கோடு 20 டெசிபலுக்குள் போகிறது, அது நல்ல அளவு; 4,000-ல் பள்ளம், சத்தம் கெடுத்த காதில் வழக்கமாக விழுவது, வலது 40, இடது 45, 8,000-ல் மறுபடி ஏறுகிறது. மகள் என் பழைய காகிதத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். எனக்கும் அதே 4,000-ல்தான் பள்ளம், அவன் கோட்டை இன்னும் ஆழமாகத் தோண்டின மாதிரி. அவன் வயதில் நான் எடுத்திருந்தால் இதே படம்தான் வந்திருக்கும்.

மே 3, காலை 9.10

வியாசர்பாடி அப்பாவுக்குப் பாதிக்கு மேல் திரும்பிவிட்டதாம், போனை அந்தக் காதில் வைத்துப் பேசுகிறாராம்.

ஜூன் 12, இரவு 9.45

படகு கிளம்பத் தயாராகிறது. படுக்கையை என்ஜின் ரூம் மேலிருந்து அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், மாற்ற ஓனரிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டான். அங்கே அளந்தால் எவ்வளவு வருகிறது என்று முதல் நடையிலேயே குறித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கூட வருகிற ஏழு பேருக்கும் சேர்த்துப் பிளக் டப்பா வாங்கியிருக்கிறான், உருட்டிப் போடுவதை ஐஸ் ஏற்றும்போது எல்லோருக்கும் செய்து காட்டினானாம்.

அண்ணா, வீட்டில் தினமும் ராத்திரி மஞ்சள் பால் கொடுக்கிறாள், நிறுத்தச் சொல்லவா என்று கடைசியாகக் கேட்டான். எதற்கு நிறுத்த வேண்டும், குடி தம்பி, மிளகும் ஒரு சிட்டிகை போடச் சொல். மறு டெஸ்ட் அடுத்த தடைக்காலத்தில், ஏப்ரல் கடைசி வாரம். என் டைரியிலும் குறித்துவிட்டேன்.